அழக் கூடாத பிள்ளை

அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஆனால் அது வாய்விட்டு அழுத சத்தத்தை அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. கோயமுத்தூரை ஒட்டிய கணபதி என்ற ஊரில் சென்னிமலைக் கவுண்டர் வீட்டு வாசலுக்கு வரும்போது வளையல்காரர்கூடத் தன் குரலை அடக்கிக்கொள்வார். வீட்டு நாயைத் தோட்டத்துக் குடிசையான சாளையில் கொண்டுபோய்க் கட்டியாயிற்று. கம்பு குத்துவதென்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது தோட்டத்துப் பக்கம் போன பிறகுதான் உலக்கையை எடுப்பார்கள். இத்தனை ஏற்பாடும் எதற்கென்றால், பிள்ளை அழக் கூடாது. அழுதால் குடல் இறங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டின் பாரமெல்லாம் யார் தோளில் இருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெற்றவள் பழனாத்தாள், பிள்ளையைக் கீழே விட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. தோளில் போட்டுக்கொண்டே தண்ணீர் சேந்தினாள். தோளில் போட்டுக்கொண்டே களி கிண்டினாள். நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். அதற்குள் பிள்ளையின் முகம் சுருங்கினால் கையை உதறிவிட்டு ஆட்டத் தொடங்கிவிடுவாள். உட்கார்ந்து ஒரு வட்டில் சோறு முழுசாகச் சாப்பிட்டது எப்போது என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. "கவுண்டர் ஊட்டு மருமவ பிள்ளையக் கீழ எறக்க மாட்டாளாமா, அத்தனை செல்லம்" என்று ஊரில் சில பேர் பேசிக்கொண்டார்கள். செல்லமாவது மண்ணாவது! அது பயம்.

பழனாத்தாள் பிறந்தது அந்தியூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பனும் ஆத்தாளும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அண்ணன் நஞ்சுண்டன்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தான். புருஷன் பாலுசாமி நல்லவன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவளிடம் மட்டுமல்ல, அப்பனிடமும் பேச மாட்டான். அங்கேதான் அவன் நல்ல குணம் பிசகிப்போனது. கல்யாணமாகிப் பல வருடம் வயிறு திறக்காமல் இருந்து, கோயில் கோயிலாகச் சுற்றி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடம் தை மாதம் ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. நாள் நிறையும் முன்பே பிறந்த பிள்ளை. ஒரு முழம் துணியில் சுருட்டிவிடலாம். மருதாசலம் என்று பெயர் வைத்தார்கள்.

அடிவயிற்றின் வலது பக்கத்தில், தொடை மடிகிற இடத்தில் அந்த வீக்கத்தை முதலில் பார்த்ததும் பழனாத்தாள்தான். குளிப்பாட்டும்போது பிள்ளை வீறிட்டு அழுதான். எலுமிச்சங்காய் அளவுக்கு ஏதோ புடைத்துக்கொண்டு நின்றது. அழுகை அடங்கியதும் அது போன இடம் தெரியவில்லை. மருத்துவச்சி வந்து பார்த்து, "குடல் எறங்கற ஓதம் கண்ணு. காலணாக் காசு ஒண்ண வெச்சு இறுக்கிக் கட்டிப்போடு. பிள்ளைய அழ உடாத. அழுதா எறங்கும், எறங்குனா பெருசாவும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று தொடங்கியதுதான் அந்த வீட்டின் மௌனம்.

இந்த இடத்தில் ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முந்தைய ஆடியில், அந்தியூர்ச் சந்தையில், நஞ்சுண்டன் தன் மயிலைக் காளையைத் தங்கையின் மாமனாருக்கு விற்றான். நடுவில் நின்றது யாகூப் என்ற தரகர். கவுண்டர் மாட்டை ஓட்டிவந்து தண்ணீர் இறைக்கிற கவலையில் பூட்டினார். கிணற்றோரத்துச் சரிவில் முன்னால் நடந்து தண்ணீரை இழுத்து ஊற்றிவிட்டு, அதே சரிவில் மாடு பின்னாலேயே நடந்து மேலேற வேண்டும். மயிலை முன்னால் நன்றாக நடந்தது. பின்னால் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்றது. அடித்தார்கள், வாலைக் கடித்தார்கள், அதன் காதில் கெட்ட வார்த்தைகூடச் சொன்னார்கள். அது அசையவில்லை.

"பின்னால நடக்காத மாட்ட என்ற தலையில கட்டிப்போட்டான்" என்று சென்னிமலைக் கவுண்டர் ஊரெல்லாம் சொன்னார். "வண்டி மாடுன்னு சொல்லித்தான் வித்தேன். அதைக் கவலையில பூட்டச் சொன்னது ஆரு?" என்று நஞ்சுண்டன் அங்கே சொன்னான். பேச்சு முற்றியது. இவர் வாசலை அவன் மிதிப்பதில்லை என்றும், அவன் முகத்தில் இவர் விழிப்பதில்லை என்றும் ஆனது. நியாயமாகப் பார்த்தால் பின்னால் நடக்கத் தெரியாதது மாடு மட்டுமில்லை. மருமகள் முதல் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகவில்லை. மாட்டையோ கவுண்டர் விற்கவும் இல்லை, பூட்டவும் இல்லை. விற்றால் நஷ்டத்தை ஒப்புக்கொண்டதாகும், வண்டியில் பூட்டினால் நஞ்சுண்டன் சொன்னதை ஒப்புக்கொண்டதாகும். அது கட்டுத்தரையில் நின்று தீனியைத் தின்றுகொண்டு கிடந்தது.

பழனாத்தாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சில மத்தியானங்களில் அந்த மாட்டுப் பக்கத்தில் போய் நிற்பாள். அண்ணன் வீட்டிலிருந்து வந்த உயிர் என்று அந்த வீட்டில் அவளையும் அதையும் விட்டால் வேறு எதுவும் இல்லை. "உன்னையும் கட்டிப்போட்டாங்க, என்னையும் கட்டிப்போட்டாங்க" என்று அதனிடம் சொல்வாள். மாடு தலையை ஆட்டும். பிள்ளை அதைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆவணியில் ஒரு நாள் வீக்கம் உள்ளே போவதற்கு வெகுநேரம் ஆனது. தாம்புக்கயிறு வாங்கப் போவதாக மாமனாரிடம் சொல்லி, பழனாத்தாள் புருஷனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கோயமுத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனாள். டவுனில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் நரசிம்மலு என்பவர் பிள்ளைகளுக்கும் கத்தி வைத்துக் குணப்படுத்துகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

டாக்டர் பெரிய மீசை வைத்த மனிதர். குரல் மட்டும் மெதுவாக இருந்தது. காசுக் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எங்கம்மா வீக்கம்? பிள்ளைய அழ உடுங்க, பாக்கலாம்" என்றார்.

பழனாத்தாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "அழ உடக் கூடாதுங்க."

"அழுதாத்தான் அது வெளிய வருமுங்க. வந்தாத்தான் எனக்குத் தெரியும்."

அவளால் முடியவில்லை. கைகள் தாமாகவே பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன. டாக்டர் சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தன் கைக்கு வாங்கி, உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். மருதாசலம் அலறினான். அந்த அலறல் கேட்டு அவள் காதைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஜன்னலைச் சாத்திவிட்டு, புடைத்த இடத்தின் பின்னால் ஒரு பாட்டரி விளக்கை வைத்துக் காட்டினார்.

"தண்ணி கோத்த வீக்கமா இருந்தா செவசெவன்னு வெளிச்சம் தெரியும். பாருங்க, இருட்டா இருக்குது. இது குடல்." பிறகு இரண்டு விரலால் மெள்ள மெள்ள அழுத்தினார். குடகுடவென்று ஒரு சத்தம். வீக்கம் உள்ளே போய்விட்டது. "ஆம்பளப் பிள்ளைக்கு விரை வயித்துக்குள்ள இருந்து கீழ எறங்கி வர்ற வழி ஒண்ணு இருக்குது. பொறக்கறக்கு முன்னால அது தானா மூடிக்கோணும். இவன் அவசரப்பட்டு வந்துட்டான், வழி மூடலை. காசு வெச்சுக் கட்டுனா தோல்தான் புண்ணாவும், வழி மூடாது. சின்னதாக் கீறி, அந்தப் பையைக் கட்டி உட்டுட்டாச் சரியாப் போயிரும்."

"கட்டாம உட்டா?" என்று பாலுசாமி கேட்டான்.

"ஒரு நாளைக்கு எறங்குன குடல் அங்கயே மாட்டிக்கும். ரத்தம் ஓடாது. அழுகிப்போயிரும். அப்பறம் நீங்க என்ற காலைப் புடிச்சாலும் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பழனாத்தாளுக்கு இன்றே செய்யுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. பாலுசாமி துண்டை முறுக்கிக்கொண்டு, "மொட்டை இன்னும் எடுக்கலீங்க" என்றான்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குலத்தில் பிள்ளையின் உடம்பில் படுகிற முதல் கத்தி, குலதெய்வக் கோயிலில் முடி எடுக்கிற கத்தியாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு கத்தி பட்டால் பிள்ளை தங்காது என்பது நம்பிக்கை. பிள்ளையின் முடி கண்ணை மறைக்கிற அளவுக்கு வளர்ந்து, ஒரு துணி நாடாவால் உச்சியில் கட்டியிருந்தது.

"அதுக்கென்ன, இந்த வாரமே மொட்டையடிச்சுட்டு வாங்க" என்றார் டாக்டர். அதுவரைக்கும் கட்டிவிட என்று கம்பளி நூற்கற்றைச் சிட்டம் ஒன்று கொடுத்து, குடல் உள்ளே இருக்கும்போதுதான் கட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். தாய்மாமன் எங்கே இருக்கிறான், ஏன் வர மாட்டான் என்பதையெல்லாம் அவரிடம் யார் சொல்வது?

அன்று சாயங்காலமே பாலுசாமி அப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சென்னிமலைக் கவுண்டர் பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவர். நாயைச் சாளைக்குக் கொண்டுபோய்க் கட்டியதும், வளையல்காரரைச் சத்தம் போடாதே என்று மிரட்டியதும் அவர்தான். அவருக்கும் பயம் இருந்தது, கண்ணில் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அவன் மடியில என்ற பேரன உக்கார வெக்கறதா? மொதல்ல வந்து மாட்டப் புடிச்சுட்டுப் போயி, தப்புத்தானுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

பழனாத்தாள் யாகூபைப் பிடித்தாள். சந்தை சந்தையாகச் சுற்றுகிற மனிதர். அந்தியூர்ப் பக்கம் போகும்போது அண்ணனிடம் சொல்லச் சொன்னாள். புரட்டாசியில் அவர் பதில் கொண்டுவந்தார். கட்டுத்தரைக்கு வெளியே நின்று, காதோடு காதாகச் சொன்னார்.

"உங்கண்ணன் என்ன சொல்றாருன்னா, கவுண்டர் வாயால 'நீ என்னை ஏமாத்தலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே ஓடியாரேங்கறாரு. ஓதத்துக்கெல்லாம் எவனாச்சும் கத்தி வெப்பானா, பெரியவனானாச் சரியாப் போயிரும்னும் சொல்றாரு."

"பிள்ளை செத்துப்போயிரும்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் அம்மணி. அழுதாரு. ரெண்டு பேருக்கும் பிள்ளை மேல உசுருதானுங்க. வார்த்தை மேல அதைவிட உசுரு." யாகூப் வருத்தத்தோடு மாட்டைப் பார்த்தார். "இந்தக் கெரகத்துக்குத் தரகு வாங்குன கைய நான் எங்க கொண்டுபோயி வெக்கறது?"

பழனாத்தாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று யாராவது இருந்தால் அவர்கள் மடி செல்லும். அப்படியும் யாரும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் பெற்ற தகப்பன் சம்மதம் வேண்டும். தகப்பனுக்கு அவன் அப்பன் சம்மதம் வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஆம்பிளை வார்த்தையின் மேல் உட்கார்ந்திருந்தான். அவளுக்கும் உள்ளூரக் கத்தியை நினைத்தால் பயம்தான். இத்தனை வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை மேல் சாமி குற்றம் வந்துவிட்டால்? அவள் கம்பளிச் சிட்டத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கால் வீங்கியது. முதுகு கூனிப்போயிற்று. ஒரு நாள் அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாள்.

அதைப் பார்த்தது சாமியாத்தாள். பாலுசாமிக்கு அக்கா, தாலி அறுத்துவிட்டு அப்பன் வீட்டோடு வந்துவிட்டவள். பழனாத்தாள் அவளை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். கெட்டவள் இல்லை. இரக்கப்பட்டுத்தான் செய்தாள்.

"நீயும் மனுசிதான புள்ள? மில்லுக்குப் போற பொம்பளைக எல்லாம் இதைத்தான் குடுக்கறாங்க. கடுகுல பாதி. பால்ல ஒரச்சு நாக்குல தடவிப்போட்டாப் பொழுதுக்கும் தூங்கும். தூங்குனா அழுவாது, அழுவாட்டி எறங்காது" என்று ஒரு சின்ன உருண்டை அபினியைத் துணி முடிச்சில் கொண்டுவந்து கொடுத்தாள்.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது! பழனாத்தாள் தடவினாள். பிள்ளை தூங்கினான். அவளும் சுவரில் சாய்ந்து தூங்கினாள். கண் விழித்தபோது தோள் லேசாக இருந்தது. அவளுக்கு அந்தச் சுகத்தில் அழுகையே வந்துவிட்டது. ஐப்பசி மழை ஏமாற்றிய வருடம் அது. கடலைக்காய் பிடுங்க ஆள் போதவில்லை, கவலை ஓயாமல் ஓடியது, அவளும் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தினமும் தடவினாள். "மருதாசலம் இப்பத்தான் நல்ல பிள்ளையா ஆயிட்டான்" என்று கவுண்டர்கூடச் சந்தோஷப்பட்டார்.

கார்த்திகையில் ஒரு காலை. பழனாத்தாள் தூளியை விலக்கிப் பிள்ளையை எடுத்தாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கண் பாதி திறந்திருந்தது. வாயோரத்தில் பச்சையாக வாந்தி காய்ந்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். வீக்கம் கல்லாக இறுகி, தோல் கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. விரலால் தொட்டபோது பிள்ளை முனகினான், அவ்வளவுதான். அழத் தெம்பில்லை, அல்லது அபினி அழ விடவில்லை. எந்நேரத்திலிருந்து மாட்டிக்கொண்டு கிடக்கிறதோ? ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பாளே! அந்தச் சத்தத்தைத்தான் அவள் தன் கையாலேயே தடவித் தடவி அடக்கியிருந்தாள்.

"ஏனுங்க! வண்டியப் பூட்டுங்க!"

பாலுசாமி ஓடி வந்து பார்த்தான். "அப்பா தோட்டத்துல இருக்கறாரு. மாடெல்லாம் கவலையில நிக்குது. நான் போயிச் சொல்லிப்போட்டு..."

"சொல்லிப்போட்டு வாரதுக்குள்ள பிள்ளை இருக்காது."

அவள் பிள்ளையை நங்கையா கையில் திணித்தாள். நேராகக் கட்டுத்தரைக்குப் போனாள். மயிலையின் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு வருடத்துக்கு மேல் நுகம் படாத கழுத்து; ஆனால் அவள் இழுத்த இழுப்புக்கு அது கூடவே வந்தது. ஒற்றை மாட்டு வண்டியில் அவளே நுகத்தடியைத் தூக்கி வைத்தாள். "அந்த மாட்டையா?" என்று பாலுசாமி வாயெடுத்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, தும்புக் கயிற்றைச் சுண்டினாள். வண்டி தெருமுனை திரும்பும்போது பாலுசாமி பின்னால் ஓடிவந்து தாவி ஏறித் தும்பைக் கையில் வாங்கிக்கொண்டான். அவன் தன் வாழ்நாளில் அப்பனைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான்.

மயிலை கோயமுத்தூர் ரோட்டில் போனதே ஒரு போக்கு! நஞ்சுண்டன் விற்றது வண்டி மாடுதான் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. பழனாத்தாளுக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. "அழுவு கண்ணு, அழுவுடா சாமி" என்று வழியெல்லாம் பிள்ளையின் காதில் கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் நரசிம்மலு பிள்ளையைப் பார்த்ததும் வாங்கி மேசை மேல் கிடத்தினார். இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. "அபினி குடுத்தீங்களா?" என்றார்.

"குடுத்தனுங்க."

"அழுகைதான் இவனுக்கு இருந்த ஒரே பேச்சு. அதையும் அடைச்சுட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அது அவளுக்கு இன்னும் வலித்தது.

கால் பக்கத்தை உயர்த்தி, பிள்ளையைத் தலைகீழாகச் சாய்த்துப் படுக்க வைத்து, விரலால் பதமாக அழுத்திப் பார்த்தார். குடல் அசையவில்லை. கையை எடுத்துவிட்டார். "இதுக்கு மேல அழுத்துனாக் கிழிஞ்சுபோயிரும். இப்பவே கீறோணும். மயக்கம் குடுக்கறதும் ஆபத்து, அபினி வேற உள்ள இருக்குது. ஆனாக் கீறாட்டி நிச்சயம் போயிரும். தகப்பனாரு ஒரு கைநாட்டு வெச்சுக் குடுங்க." ஆயாவைக் கூப்பிட்டு ஆயுதங்களை வெந்நீரில் போடச் சொன்னார். ஆயா ரம்ஜான் பீவி, அடுப்பை ஊதிக்கொண்டே கம்பவுண்டரிடம் ஈதர் புட்டியைக் கேட்டாள்.

பாலுசாமியின் கட்டைவிரலில் மை தடவியாயிற்று. விரல் காகிதத்துக்கு மேல் அப்படியே நின்றது. "மொட்டை..." என்றான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "சாமி குத்தம் ஆயிருமுங்க. பிள்ளை போயிரும், பழனா."

அவனைத் திட்டலாம் என்றுதான் அவளுக்கு முதலில் வந்தது. திட்டவில்லை. ஏனென்றால் அதே பயம் அவளுக்கும் இருந்தது. சுற்றிலும் பார்த்தாள். ரம்ஜான் பீவியின் தட்டில் ஒரு சவரக் கத்தி இருந்தது.

"அக்கா, அந்தக் கத்தியக் குடுங்க."

ரம்ஜான் பீவி டாக்டரைப் பார்த்தாள். பழனாத்தாள் காத்திருக்கவில்லை, எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டாள். துணி நாடாவை அவிழ்த்தாள். தண்ணீரைத் தொட்டுத் தலையில் தடவினாள்.

"என்ன செய்யற?" என்று பாலுசாமி அலறினான். "தாய்மாமன் மடி வேணும்!"

"எங்கண்ணன் பொறந்த வயித்துலதானுங்க நானும் பொறந்தேன்." பிள்ளையின் நெற்றியில் கத்தியை வைத்தாள். "அவன் மடி வராட்டி என்ற மடி. சாமி அதுக்கும் கோவிச்சுக்கும்னா, என்னைக் கோவிச்சுக்கட்டும். பிள்ளைய உடட்டும்."

நெற்றிக்கு மேலிருந்து உச்சி வரை ஒரு பட்டை முடியை எடுத்தாள். முடியை முந்தானையில் முடிந்துகொண்டாள். டாக்டர் நரசிம்மலு அவளைத் தடுக்கவில்லை. அவர் வீட்டிலும் முதல் முடி திருப்பதிக்குத்தான். கை கழுவுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டு விரலை ஊன்றினான்.

கதவு சாத்தப்பட்டது. ஈதர் வாடை வராந்தா வரைக்கும் வந்து தலையைச் சுற்றியது. பழனாத்தாள் முந்தானை முடிச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தோளில் எடையில்லை. மாதக்கணக்கில் அதற்குத்தானே ஏங்கினாள்? இப்போது அந்த வெறுந்தோளை அவளால் தாங்க முடியவில்லை. பிள்ளை போய்விட்டால் நானும் நொய்யல் ஆற்றில் போய் விழுந்துவிடுவேன் என்று முடிவே செய்துவிட்டாள்.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது. "குடல் கருத்துப் போயிருந்துச்சு. அதை இறுக்கியிருந்த கட்டை நறுக்கி உட்டுட்டு, வெதுவெதுன்னு உப்புத்தண்ணித் துணிய வெச்சுட்டே காத்திருந்தேன். மெல்ல மெல்லச் செவந்துச்சு. உள்ள தள்ளி, பையைக் கட்டித் தெச்சுட்டேன். இன்னும் சித்த நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா..." முடிக்காமல் கையை விரித்தார். "எந்திரிச்சு அழுதான்னாப் பொழச்சான்னு அர்த்தம். அழுவட்டும், உடுங்க. இனி எவ்வளவு அழுதாலும் எறங்காது."

பொழுது சாய்கிற நேரத்தில் மருதாசலம் அழுதான். முதலில் பூனைக்குட்டி மாதிரி, பிறகு கொஞ்சம் பலமாக. ரம்ஜான் பீவி, "கேட்டுக்கோ கண்ணு" என்று சிரித்தாள். பழனாத்தாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்து அழுதாள்.

மறுநாள் சென்னிமலைக் கவுண்டர் வந்தார். நடந்தே வந்திருந்தார், கால் முழுக்கப் புழுதி. ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த மயிலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பிள்ளையின் அடிவயிற்றுக் கட்டைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம் தலையில் இருந்த அந்தப் பட்டையைப் பார்த்தார்.

"ஆரு மடியில வெச்சு எடுத்தது?"

"என்ற மடிங்க மாமா."

பாலுசாமி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். கவுண்டரின் தாடை அசைந்தது. வார்த்தை ஏதோ வந்து, பல்லுக்குப் பின்னால் நின்று, திரும்பிப் போனது. கடைசியில் அவர் மகன் பக்கம் திரும்பி, "மயிலைக்குத் தண்ணி காட்டுனயா?" என்றார்.

"காட்டுனனுங்கப்பா."

"நல்லாத்தான் வந்துச்சா?"

"பறந்துச்சுங்கப்பா."

அவ்வளவுதான். நஞ்சுண்டனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதன் பிறகும் வெகுகாலம் வரவில்லை. அந்த இரண்டு பேரும் தங்கள் தங்கள் இடத்திலேயேதான் நின்றார்கள். மனிதர்கள் ஒரு நாளில் மாறிவிடுகிறார்கள் என்று யார் சொன்னது? ஆனால் மயிலை அன்றிலிருந்து வண்டி மாடாகிவிட்டது.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த சில நாளில் ஒரு மத்தியானம். பழனாத்தாள் முன்கூடமான ஆசாரத்தில் பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். அபினி முடிச்சை அவள் என்றைக்கோ அடுப்பில் போட்டுவிட்டாள். ஒரு வட்டில் சோற்றைப் போட்டு, கொள்ளுப் பருப்பை ஊற்றிக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தாள். முதல் வாய் எடுத்ததுமே மருதாசலத்துக்குத் தூக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. உதட்டைப் பிதுக்கினான். பிறகு வாயைத் திறந்து, வீடே அதிரும்படி அழுதான்.

கொல்லைப்புறப் பொடக்காலியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சாமியாத்தாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். கட்டுத்தரையிலிருந்து பாலுசாமி வந்தான். வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த கவுண்டர் எல்லோருக்கும் முன்னால் உள்ளே பாய்ந்து, பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினார். "எறங்கீரும்! எறங்கீரும்!"

பழனாத்தாள் இடது கையை உயர்த்தினாள்.

"அழுவட்டும் உடுங்க மாமா. இனி எறங்காது."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. கவுண்டர் பிள்ளையின் அடிவயிற்றைப் பார்த்தார். கீறிய கோடு மட்டும் சிவப்பாக இருந்தது. பிள்ளை மூச்சுப் பிடித்து அழுதான், அடிவயிறு குலுங்கியது, அங்கே ஒன்றும் வரவில்லை. கவுண்டர் மெள்ளக் கையைக் கீழே விட்டார். அவர் பேரன் தொண்டை திறந்து அழுவதை அவர் இதுவரை நின்று கேட்டதே இல்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையைத் துடைக்கிறவர் மாதிரி.

அடுத்த வீட்டிலிருந்து யாரோ, "ஏனுங்க, உங்கூட்டுலயா பிள்ளை அழுவறது?" என்று ஆச்சரியமாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"ஆமாங்க" என்றாள் பழனாத்தாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழுந்தது. அவள் அதையும் சேர்த்துப் பிசைந்தாள். அவசரப்படவில்லை. உட்கார்ந்தபடி, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே, கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்துதான் பிள்ளையைத் தூக்கினாள்.